டிரெய்லரின் ஸ்லைடு-அவுட் நகரவில்லையா?
அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) எடுத்துச் சுற்றுபவர்கள், ஸ்லைடு-அவுட், அதாவது மோட்டாரால் சுவரிலிருந்து நீளும் பக்க அறை, வெளியே வராவிட்டால் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு பேட்டரியில்தான். சுவிட்சை அழுத்தியபடியே, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரிக் கம்பிகளின் முனையில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டியது, மோட்டார் இழுத்ததும் 10-க்குக் கீழே போனால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினலில் (பேட்டரியில் கம்பி மாட்டும் இடம்) உப்புப் பூத்திருக்கிறது. (சுரண்டித் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்!) அடுத்து ஃபியூஸ், சர்க்யூட் பிரேக்கர். மோட்டார் சத்தம் கேட்டும் அறை அசையாவிட்டால், சில மாடல்களில் ஷியர் பின் (பாரம் மிஞ்சினால் தானே முறியும்படி வைத்த சிறு ஆணி) அறுந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் உடனே நிறுத்துங்கள்; விடாமல் அழுத்தினால் பல்சக்கரம் போய்விடும். பல வண்டிகளில் கைப்பிடி போட்டுச் சுற்றியும் அறையை உள்ளே இழுக்கலாம். அதை எங்கே செருகுவது என்று கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.