நர்சிங் ஸ்டூடண்ட்ஸுக்கு பரிவு சொல்லித்தர்றப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் காலேஜ்ல டியூட்டரா இருக்கறவங்க, வார்டுல பிள்ளைங்களுக்கு வேலை பழக்கிவிடற சீனியர் சிஸ்டர்ஸ், உங்களுக்குத்தான் இதை எழுதறேன். கேனுலா போட, டிரெஸ்ஸிங் பண்ண எல்லாம் நம்ம ஊர்ல நல்லாவே சொல்லித்தர்றாங்க, ஆனா பேஷண்ட்டோட மனசு புரிஞ்சு நடந்துக்கறத சொல்லித்தர்ற எடத்துலதான் நெறைய தப்பு நடக்குது.

முதல்ல நிறுத்த வேண்டியது பேஷண்ட் முன்னாடி ஸ்டூடண்ட்ட திட்டறது. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு பிபி பாக்கறப்ப கை நடுங்கி, பேஷண்ட் கைல சுத்தற கஃப் பட்டைய லூசா சுத்திடுவா, உடனே வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி "இது கூட தெரியாதா, லேப்ல என்னத்த கிழிச்ச"ன்னு சத்தம் போடறது. படுத்திருக்கற அம்மாவே "விடுங்க சிஸ்டர், சின்னப் புள்ள"ன்னு சமாதானம் பண்ணுவாங்க. அந்தப் பொண்ணு அன்னிக்கு கத்துக்கறது கஃப் கட்டறத இல்ல, பயந்துபோய் கையாலாகாம நிக்கறவங்கள இப்படி நடத்தலாம்ங்கறத. ரெண்டு வருஷம் கழிச்சு அதே குரல்ல பெட்பேன் கேக்கற தாத்தாகிட்ட அவ கத்துவா. கஃப்ப வாங்கி நீங்க சரியா கட்டிக் காட்டுங்க, பேச வேண்டியத வராண்டாவுக்கு கூட்டிட்டுப் போய் பேசுங்க.

அடுத்தது, இதை தியரியோட முடிச்சுக்கறது. நர்சிங் அறிஞர் ஜீன் வாட்சன் 1979-ல எழுதின, பரிவோட கவனிக்கறத பத்தின கேரிங் தியரிய பசங்க மனப்பாடமா எழுதிடுவாங்க. நர்சிங் ஆராய்ச்சியாளர் தெரசா வைஸ்மேன் 1996-ல பரிவுக்கு நாலு விஷயம் வேணும்னு சொன்னாங்க: அவங்க எடத்துல இருந்து பாக்கணும், நல்லவங்க கெட்டவங்கன்னு எடை போடக்கூடாது, அவங்க உணர்ச்சி புரியணும், புரிஞ்சத அவங்களுக்கு தெரியப்படுத்தணும். இந்த நாலாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகுது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பாட்டி "நான் பொழைச்சுக்குவனா கண்ணு"ன்னு கேப்பாங்க, நம்ம பொண்ணும் "ஒண்ணும் ஆகாது பாட்டி, பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடும். நல்ல மனசோடதான் சொல்லுது, ஆனா பாட்டி மேற்கொண்டு பேச வந்தது அங்கயே நின்னுபோச்சு. அதே எடத்துல ஸ்டூலை இழுத்துப்போட்டு உக்காந்து "எதை நெனச்சு பயமா இருக்கு பாட்டி?"ன்னு கேட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, வீட்டுல பேரன் தனியா இருக்கான், அவனுக்கு சோறு போட ஆள் இல்லன்னு வரும். அதுக்கு ஏதாச்சும் வழி பண்ண முடியும். சைக்கியாட்ரி போஸ்டிங்ல பேஷண்ட் சொன்னது, ஸ்டூடண்ட் சொன்னதுன்னு வரிவரியா எழுதற பிராசஸ் ரெக்கார்டிங்க மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டுலயும் எழுத வைங்க, எங்க பேச்ச வெட்டினோம்னு அவங்களுக்கே தெரியும்.

செக்லிஸ்ட்ல "தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார், 2 மார்க்"னு போடறதும் வேண்டாம். தொட்டா சங்கடப்படற பேஷண்ட் நெறைய பேர், மார்க்குக்காக தொடற கை அவங்களுக்கு தெரிஞ்சிடும்.

ஊனமுள்ளவங்க கஷ்டம் புரியட்டும்னு கண்ணக் கட்டிவிட்டு நடக்க வைக்கறது, வீல்சேர்ல உக்கார வைக்கறது மாதிரி பயிற்சிகளையும் யோசிச்சு பண்ணுங்க. 2017-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, இப்படி பண்ணினவங்களுக்கு இரக்கம் கூடினாலும் கூடவே நமக்கும் இப்படி ஆகிடுமோங்கற பயமும் இயலாமை உணர்வும் கூடினது, ஊனமுள்ளவங்கள பத்தின மனப்பான்மை பெரிசா மேம்படல. பார்வை இல்லாத ஒருத்தர வகுப்புக்கு அழைச்சு, ஆஸ்பத்திரில அவருக்கு எது கஷ்டம்னு பேசச் சொல்றது எவ்வளவோ மேல்.

பெட் நம்பர் சொல்லிக் கூப்பிடறது எல்லாரும் கண்டிக்கற தப்பு, ஆனா கண்டிக்கறதோட விட்டுடறாங்க. இசபெல் மென்சீஸ்னு ஒரு மனோதத்துவ நிபுணர் லண்டன் ஆஸ்பத்திரி ஒண்ணுல நர்ஸுகள கவனிச்சு 1960-ல எழுதினாங்க, அங்கயும் "10ஆம் பெட் லிவர்"னுதான் பேச்சு. கல்மனசு காரணம் இல்ல, நோவையும் சாவையும் தினம் பாக்கற பதட்டத்துலேருந்து தப்பிக்க ஆஸ்பத்திரியே வேலைய துண்டுதுண்டா பிரிச்சு வச்சிருக்குன்னு விளக்கினாங்க. நம்ம போஸ்டிங்லயும் ஒருத்தி வார்டு முழுக்க பிபி, பல்ஸ்னு வைட்டல்ஸ் எடுப்பா, இன்னொருத்தி எல்லாருக்கும் முதுகு தொடச்சுவிடற பேக் கேர் குடுப்பா, அப்புறம் பேர் எப்படி மனசுல நிக்கும்? ரெண்டே பேஷண்ட்ட குடுத்து குளிப்பாட்டறதுலேருந்து மாத்திரை வரைக்கும் ஒரே ஸ்டூடண்ட பாக்கச் சொல்லுங்க, பேரும் வரும் ஊரும் வரும்.

இதவிட பெரிய தப்பு "நர்ஸ் அழக்கூடாது"ங்கறது. காலைல பல் தேச்சுவிட்ட பேஷண்ட் மத்தியானம் இறந்துபோய், பாடிய தொடச்சு துணி சுத்தி அனுப்பிட்டு, அந்தப் பொண்ணு கை கழுவிட்டு அப்படியே அடுத்த ஊசிக்கு ஓடணும்னா, எதுவும் உள்ள போகாத மாதிரி அவ மனச இறுக்கிக்கத்தான் செய்வா, அதுக்கப்புறம் பரிவுன்னு பாடம் எடுத்து பிரயோஜனம் இல்ல. அன்னிக்கு வார்டு வேலை முடிஞ்சு எல்லாரும் உக்காந்து பேசற போஸ்ட் கான்ஃபரன்ஸ்ல கேர் ப்ளான தள்ளி வச்சிட்டு, அவருக்கு நீ என்னென்ன பண்ணின, இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க. பேச வரலன்னா விட்டுடுங்க, மறுநாள் தனியா ஒரு தடவ கேளுங்க. தூக்கம் இல்லாம, சாப்பாடு எறங்காம ஒரு வாரம் தாண்டினா காலேஜ் கவுன்சிலர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க.