டெபியனா, ஃபெடோராவா, ஓபன்பிஎஸ்டியா? பாதுகாப்பை நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

எந்த ஓபன் சோர்ஸ் ஓஎஸ் பாதுகாப்பானது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் டெபியன், ஃபெடோரா, ஓபன்பிஎஸ்டி மூன்றையும் நிறுவி, நீங்களே பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று: எதற்கு எத்தனை சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) என்று எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். 2024 பிப்ரவரியில் டெபியன், ஃபெடோராவின் மையமான லினக்ஸ் கெர்னலை உருவாக்கும் குழு தானே சிவிஇ எண் வழங்கத் தொடங்கியது. அதன்பிறகு சின்னச் சின்னத் திருத்தங்களுக்கும் எண் கிடைப்பதால் கணக்கு மளமளவென்று ஏறிவிட்டது. கெர்னல் மோசமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

படி 1: ஆதரவுக் காலம்

ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் வரும் என்று பாருங்கள். டெபியனின் நிலையான பதிப்புக்கு 3 ஆண்டு, அப்புறம் எல்டிஎஸ் எனும் நீட்டித்த ஆதரவு 2 ஆண்டு. ஃபெடோராவுக்குச் சுமார் 13 மாதம். ஓபன்பிஎஸ்டிக்குச் சுமார் ஓராண்டு. அடிக்கடி அப்கிரேட் செய்யமாட்டீர்கள் என்றால் டெபியன்தான் சரி.

படி 2: ஒரே ஓட்டையை மூன்றிலும் தேடுங்கள்

அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள். சிவிஇ 2024-6387-ஐ எடுத்துக்கொள்வோம். தொலைவிலிருந்து சர்வரில் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில் இருந்த இந்த ஓட்டையை 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. இணைந்த ஒருவர் 120 விநாடிக்குள் லாகின் செய்யாவிட்டால் சர்வருக்குள் அலாரம் சிக்னல் அடிக்கும். உடனே லாக் (நிகழ்வுப் பதிவு) எழுதப்படும். ஜிலிப்சி எனும் அடிப்படை நூலகம் உள்ள லினக்ஸில், பாதியில் நிற்கும் நினைவக வேலையோடு அந்த லாக் எழுதும் வேலை மோதலாம். தாக்குபவர் அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்தால் ரூட் உரிமையே, அதாவது முழுக் கட்டுப்பாடே, கிடைத்துவிடும். 2006-இல் அடைத்த ஓட்டை, 2020-இல் செய்த ஒரு மாற்றத்தால் மறுபடி திறந்தது. ஓபன்எஸ்எஸ்எச் 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு.

டெபியன் செக்யூரிட்டி டிராக்கர் தளத்தில் இந்த சிவிஇ எண்ணைப் போடுங்கள். டெபியன் 11-இல் இருந்தது 8.4பி1, பழையது என்பதாலேயே தப்பியது. டெபியன் 12-இல் 9.2பி1, மாட்டிக்கொண்டது. திருத்தம் வந்த பிறகும் அது 9.2பி1தான், வாலில் மட்டும் 'டெப்12யூ3' என்று மாறியிருக்கும். திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் பொருத்துவதை பேக்போர்ட் என்பார்கள். முன் எண்ணை மட்டும் பார்த்து 'இன்னும் ஓட்டை இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

ஃபெடோராவுக்கு, அதன் அப்டேட்களை வெளியிடும் போதி தளத்தில் அப்டேட் வந்த தேதியைப் பாருங்கள். ஓபன்பிஎஸ்டிக்குப் பாதிப்பே இல்லை. சிக்னலுக்குள்ளும் பத்திரமாக லாக் எழுதும் ஃபங்ஷனை அவர்கள் 2001-லேயே எழுதிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

படி 3: உள்ளே புகுந்தால் எவ்வளவு சேதம்?

ஃபெடோராவில் 'கெட்என்ஃபோர்ஸ்' (getenforce) கட்டளை கொடுங்கள். 'என்ஃபோர்சிங்' என்று வந்தால் எந்தப் புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்ஈலினக்ஸ் காவல் காக்கிறது. டெபியனில் 2019-இன் பதிப்பு 10 முதல் அதே மாதிரி வேலை செய்யும் ஆப்ஆர்மர் இயல்பாகவே இயங்குகிறது. ஓபன்பிஎஸ்டியில், தனக்கு என்னென்ன வேண்டும் என்று புரோகிராமே பிளெட்ஜ், அன்வெய்ல் எனும் வசதிகள் வழியாக முன்கூட்டிச் சொல்லிவிடும். அங்கே ஃபயர்ஃபாக்ஸில் ஒரு ஃபைலை அப்லோட் செய்து பாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தால் போகும். சர்வரில் லாகின் செய்ய வைத்திருக்கும் உங்கள் எஸ்எஸ்எச் சாவிகள் ஃபயர்ஃபாக்ஸின் கண்ணுக்கே தெரியாது.

படி 4: திறந்திருக்கும் போர்ட்கள்

போர்ட்கள் என்பவை நெட்வொர்க் வாசல்கள். எவை திறந்திருக்கின்றன என்று காட்டும் என்மேப்பை இன்னொரு கணினியிலிருந்து ஓட்டுங்கள். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் ஃபயர்வால் ஓடினாலும் 1025 முதல் மேலே உள்ள போர்ட்களை அது தடுப்பதில்லை. வெளியூர் வைஃபையில் இணையும்போது ஃபயர்வாலின் ஜோனை (விதித் தொகுப்பை) 'பப்ளிக்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். டெபியனில் ஃபயர்வால் விதிகளை நீங்களேதான் போட வேண்டும்.