பால் கட்டிக்கொண்டு குழந்தை காம்பைப் பிடிக்கவில்லையா?

பால் கொடுப்பதற்குச் சற்று முன், இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பை ஒட்டினாற்போல் கருவட்டத்தில் வைத்து, நெஞ்சை நோக்கி உள்பக்கமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். விரலை எடுத்தால் காம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்து, அந்த இடம் காது மடல் போல இளகியிருக்கும். உடனே குழந்தையை வாய் வைக்க விடுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும், வலிக்கிற அளவுக்கு அழுத்த வேண்டாம்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் மார்பு கல் மாதிரி ஆவதற்குப் பால் மட்டும் காரணமில்லை. உடம்பில் கோத்த நீரும் அங்கே சேர்ந்துகொள்கிறது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் நிறைய ஏற்றியிருந்தால் இன்னும் அதிகம். கருவட்டம் விறைத்திருந்தால் குழந்தையின் வாய் வழுக்கி, காம்பு நுனியை மட்டும் சப்பும். புண்தான் மிச்சம். அழுத்தும்போது அந்த நீர் பின்னால் நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பியும் வந்துவிடும். மல்லாந்து படுத்துக்கொண்டு அழுத்தினால் திரும்பி வரச் சற்றுத் தாமதமாகும். இதற்காகப் பம்ப் வாங்க ஓட வேண்டியதில்லை. வேகமாக உறிஞ்சும் பம்ப் அந்த நீரை முன்னுக்கு இழுத்து வீக்கத்தைக் கூட்டிவிடவும் செய்யும்.

மார்பில் ஓரிடம் சிவந்து சுட்டு, காய்ச்சலோ குளிரோ இருந்தால் இது போதாது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கருவட்டம் இளகியிருந்தும் பிடிக்கவில்லை என்றால் சிக்கல் வேறு, நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று குழந்தையின் நாக்கை டாக்டரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கி, சிறுநீரும் குறைந்திருந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.