ஃபேட் பைக்கிற்குச் சஸ்பென்ஷன் ஃபோர்க்: தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், சீரமைத்தல்

ஃபேட் பைக்கின் டயர் ஏறத்தாழ 3.8 முதல் 5 அங்குலம் வரை அகலமானது. அதில் பெரும்பாலும் 5 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரையே காற்று அடைக்கப்படும். இவ்வளவு மென்மையான டயர் இருக்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அதிர்ச்சியை வாங்கும் சஸ்பென்ஷன் எதற்கு என்று கேட்பது நியாயமே. டயர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் வேகம் கூடியதும், தரையில் அடித்த பந்தைப் போல வாங்கிய விசையைத் திருப்பித் தந்து சைக்கிளை எகிறச் செய்யும். ஃபோர்க்கினுள் எண்ணெயால் இயங்கும் டேம்பர்தான் அந்த எகிறலை அடக்குகிறது. ஆகவே பனியிலும் மணலிலும் மட்டும் நிதானமாக ஓட்டுபவருக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. அவருக்கு எடைதான் கூடும்.

வாங்குமுன் முதலில் அளக்க வேண்டியது முன்சக்கர ஹப்பின் (சக்கரத்தின் மையப்பகுதி) அகலத்தை. 2014-இல் வந்த ராக்‌ஷாக்ஸ் புளூட்டோவும், பின்னர் வந்த மேனிட்டோ மாஸ்டடானும் ஆகிய இரு ஃபோர்க்குகளும் 150 மி.மீ. அகலமும் 15 மி.மீ. த்ரூ ஆக்சிலும் (ஹப்பின் ஊடே செல்லும் அச்சு) கொண்ட ஹப்பையே ஏற்கும். பழைய 135 மி.மீ. ஹப் இருந்தால், புதிய ஹப் வாங்கி ஆரக்கம்பிகளை மீண்டும் கட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, ஆக்சிலின் மையத்திலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் பகுதி) வரையுள்ள உயரத்தைப் பார்க்க வேண்டும். 100 மி.மீ. பயண நீளமுள்ள (அதாவது அவ்வளவு தூரம் அமிழக்கூடிய) புளூட்டோவில் இது சுமார் 511 மி.மீ. இருக்கும். சஸ்பென்ஷன் இல்லாத பழைய விறைப்பான ஃபோர்க்கைவிடப் புதியது 20 மி.மீ. உயர்ந்தால், ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் சட்டகத்தின் முன்குழாய்) கோணம் ஏறத்தாழ 1 டிகிரி சாய்ந்து, பெடல்களும் சற்று மேலெழும். ஓட்டுபவர் ஏறியதும் ஃபோர்க் சிறிது அமிழும் என்பதால் அந்த அளவைக் கழித்தே ஒப்பிட வேண்டும். சட்டகத்தைச் செய்த நிறுவனம் அனுமதித்த உயரத்தைத் தாண்டுவது ஹெட் டியூபுக்கு ஆபத்து. உடல் எடை மிகுந்தவர்கள் புளூட்டோவின் 32 மி.மீ. விட்டமுள்ள கால்களைவிட மாஸ்டடானின் 34 மி.மீ. கால்களின் விறைப்பை விரும்புவார்கள்.

ஹெட் டியூபினுள் செல்லும் ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயை வெட்டுமுன், ஸ்பேசர்களையும் (இடைவளையங்கள்) ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெமையும் வைத்து அளந்து, குழாயின் விளிம்பு அவற்றின் மேல்மட்டத்திற்குச் சுமார் 3 மி.மீ. கீழே நிற்குமாறு குறிக்க வேண்டும். பொருத்தியபின் ஃபோர்க்கின் காற்றை முழுவதும் இறக்கி, அடிவரை அழுத்திப் பார்த்து, டயர் கிரவுனில் உரசவில்லை என்பதை உறுதி செய்யாமல் ஓட்டக் கூடாது. ஓட்டும்போது உரசினால் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

சீரமைப்பை டயரிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் 1 பிஎஸ்ஐ மாற்றமே கைகளில் தெரியும் என்பதால், டயர் அழுத்தத்தை நிலைப்படுத்தாமல் ஃபோர்க்கைச் சரிசெய்தால் எது எதை மாற்றியது என்றே விளங்காது. பிறகு வழக்கமான உடையுடனும் பையுடனும் சைக்கிளில் ஏறி நின்று, ஃபோர்க் தன் பயண நீளத்தில் 20 முதல் 25 விழுக்காடு அமிழும்வரை ஷாக் பம்பினால் காற்றைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும்; 100 மி.மீ. ஃபோர்க்கில் இது 20 முதல் 25 மி.மீ. ஆகும். இறுதியாக ரீபவுண்டு, அதாவது அமிழ்ந்த ஃபோர்க் மீண்டெழும் வேகம்: சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் அதை மெதுவாக்க வேண்டும், தொடர்ந்த குழிகளில் ஃபோர்க் மீளாமல் மேலும் மேலும் அமிழ்ந்தால் வேகமாக்க வேண்டும். டயரின் துள்ளலும் சேர்ந்துகொள்வதால், ஃபேட் பைக்கில் ரீபவுண்டைச் சற்று மெதுவாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடும் குளிரில் ஃபோர்க்கின் காற்றழுத்தம் குறையும், எண்ணெயும் தடிக்கும். எனவே சைக்கிளை வெளியே சிறிது நேரம் நிறுத்திவைத்து அங்கேயே அமிழ்வை அளந்து, ரீபவுண்டை ஓரிரு கிளிக் வேகமாக்கிக்கொள்ள வேண்டும். மணலும் சேறும் ஃபோர்க்கின் சீல்களை (எண்ணெய் கசியாமல் காக்கும் வளையங்கள்) அரிக்கும் என்பதால் ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் ஃபோர்க்கின் மேல்குழாய்களைத் துணியால் துடைத்து, சுமார் 50 மணிநேர ஓட்டத்திற்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டும்.