அனிமேவில் வரும் எண்களைக் கவனியுங்கள்

அனிமேவிலோ ஜப்பானியத் தொடரிலோ ஆஸ்பத்திரி அறை எண், கார் நம்பர் எதையாவது குளோசப்பில் காட்டினால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில சமயம் கதைக்கான குறிப்பு அதில்தான் இருக்கும்.

ஜப்பானிய மொழியில் 4-ஐ ‘ஷி’ என்றும் படிப்பார்கள். சாவுக்கும் அதே உச்சரிப்பு. 9-க்கு ‘கு’, துன்பத்துக்கும் அதுவே. அதனால் 4, 9 எண்களில் அறையே வைக்காத ஆஸ்பத்திரிகள் அங்கே உண்டு. 42-ஐ ‘ஷினி’ என்று படித்தால் சாவதுபோல் ஒலிக்கும். வண்டி நம்பரின் கடைசி இரண்டு இலக்கமாக 42, 49 வழக்கமாகத் தரப்படுவதில்லை. பேச்சிலும் 4-ஐப் பெரும்பாலும் ‘யோன்’ என்று சொல்லித் தப்பிப்பார்கள். ஆனால் ஏப்ரல் மட்டும் ‘ஷிகட்சு’தான்!

எல்லாமே கெட்ட சகுனம் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது 39. ‘சான்-க்யூ’ என்று படித்தால் ஆங்கிலத்தில் நன்றி சொல்லும் ‘தேங்க் யூ’போல் ஒலிக்கும், ‘மி-கு’ என்று படித்தால் கணினிக் குரலில் பாடும் கற்பனைப் பாடகி ஹட்சுனே மிகு. அதனால்தான் ரசிகர்கள் மார்ச் 9-ஐ மிகு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சரி, ஜப்பானிய நண்பருக்குப் பரிசு வாங்குகிறீர்களா? கோப்பைகள் என்றால் நான்கு வேண்டாம், ஐந்தாக வாங்குங்கள். சீப்பையும் தவிர்த்துவிடுங்கள், அதன் ஜப்பானியப் பெயரே ‘குஷி’, அதாவது துன்பத்தின் ‘கு’வும் சாவின் ‘ஷி’யும் சேர்ந்த ஒலி. கல்யாண மொய் என்றால் 30,000 யென் வைக்கலாம். முதல் இலக்கம் இரட்டைப்படையாக உள்ள தொகை இரண்டாகப் பிரியும் என்று பலரும் அதை விரும்புவதில்லை. ஆனால் 8 இரட்டைப்படை என்றாலும் அவர்களுக்கு ராசியான எண்தான்.