நோயுற்ற பூனை உணவைத் தொடாதபோது

பூனை சாப்பிடவில்லை என்று தெரிந்தவுடன் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, அது கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையே. நீண்ட பட்டினியை ஏற்கும் உடல் பூனைக்கு இல்லை. உணவு நின்றதும் உடலில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து கல்லீரலை நோக்கிப் பெருகி வருகிறது. அதைக் கையாள முடியாத கல்லீரல் கொழுப்பேறிச் செயலிழக்கத் தொடங்குகிறது. சில நாள் பட்டினியே இதற்குப் போதும், அதிலும் பருத்த பூனைகளுக்கு ஆபத்து மிகுதி. ஆகவே 24 மணி நேரமாக எதையும் தின்னாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்; குட்டியானால் அரை நாள்கூடக் காத்திருக்கலாகாது. தண்ணீராவது குடிக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதில் பயனில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஓயாத வாந்தி, ஈறிலோ காதின் உட்புறத்திலோ மஞ்சள் நிறம், ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே புறப்பட வேண்டும்.

மருத்துவரைக் காணும் முன்பே தட்டின் முன் பூனை என்ன செய்கிறது என்று கவனித்து வையுங்கள். ஆவலாக வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கிவிட்டு விலகினால் அதற்குக் குமட்டல் இருக்கலாம். ஒரு துண்டைக் கவ்வியபின் கீழே போட்டுத் தலையை உதறினாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ பல்லிலோ ஈறிலோ வலி இருக்கக்கூடும். தும்மலும் சளியும் இருந்தால் மூக்கடைப்பே காரணமாகலாம், ஏனெனில் வாசனை எட்டாத உணவைப் பூனை உணவாகவே மதிப்பதில்லை.

மூக்கடைத்த பூனைக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்து, வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் 10 நிமிடம் உடன் அமர்ந்திருப்பது நல்லது. பிறகு ஈரமான உணவை அதன் உடல் வெப்பமான சுமார் 38 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, நன்றாகக் கலக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தபின், மீசை இடிக்காத அகன்ற தட்டில் ஒரு கரண்டி மட்டும் வையுங்கள். 20 நிமிடத்தில் தொடவில்லையென்றால் எடுத்துவிட வேண்டும். குமட்டலோடு படுத்திருக்கும் பூனையின் முகத்தருகே உணவை வைத்துக்கொண்டே இருந்தால், குணமான பிறகும் அந்த உணவை அது வெறுக்கக்கூடும். வெங்காயமும் பூண்டும், பொடியாகக்கூட, சேரக் கூடாது; அவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மனிதருக்கான மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்; ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

சிரிஞ்சில் ஊட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மருத்துவர் சொல்லி, செய்தும் காட்டினாலன்றி வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் அனுமதித்தால், தலையை மேலே தூக்காமல், கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளி வழியாக அரை மில்லி அளவு விட்டு, விழுங்கியதைப் பார்த்தபின்பே அடுத்ததைத் தர வேண்டும். திமிறினால் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் நுரையீரலுக்குள் போகும் உணவு நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

4 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையிலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவைப்படுவதால், நான்கு முறை நக்கியதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. தின்ற அளவை எழுதி மருத்துவரிடம் காட்டினால், குமட்டலை அடக்கும் மருந்து போதுமா, பசியைத் தூண்டும் மருந்தும் வேண்டுமா என்று அவர் முடிவுசெய்வார். கழுத்து வழியாக உணவுக்குழாயில் டியூப் பொருத்தலாம் என்று அவர் சொன்னால் பதற வேண்டாம். பார்ப்பதற்குத்தான் அது கொடுமையாகத் தெரியும். பூனையோடு மல்லுக்கட்டாமல் உணவையும் மருந்தையும் அதன் வழியே செலுத்தலாம். நெடும் பட்டினிக்குப் பின் முதல் நாளே முழு அளவும் தராமல், சில நாள்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். டியூப் இருக்கும்போதே பூனை வாயாலும் தின்ன முடியும் என்பதால் தட்டையும் தினமும் வைத்துப் பாருங்கள். தேவையான அளவைத் தானாகவே தின்னத் தொடங்கிய பிறகுதான் அதை அகற்றுவார்கள்.