செல்லுக்குள் துளை தேடுவோர் செய்யும் தவறுகள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற மாதம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வரிக்குதிரை மீன் கருவில், ஒளிரும் பச்சைப் புரதத்தால் பச்சையாகத் தெரியும் இரத்தக்குழாய், நடுவே கரிய திட்டு. "ஒரே செல்லுக்குள் குழல் உருவாகிறது, பாருங்கள்" என்றார். முகத்தில் அத்தனை பூரிப்பு. அதே படத்தையும் அதே பூரிப்பையும் வைத்துக்கொண்டு நானும் ஒரு காலத்தில் அலைந்திருக்கிறேன். கருவைத் தலைகீழாகப் பதிப்பது, லேசரைக் கூட்டி நிறத்தை மங்கவைப்பது போன்ற தவறுகள் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரிய இடமெல்லாம் உட்குழல் (செல்லுக்குள் திறந்த துளை) அல்ல

தந்துகி எனப்படும் மிக மெல்லிய இரத்தக்குழாயில் சில இடங்களில் ஒரே செல் குழலாகச் சுற்றி நிற்கும். அதன் நடுவில் வெற்றிடம் வந்தது எப்படி? 1980-இல் ஃபோக்மனும் ஹவுடன்ஷில்டும் வளர்ப்புத் தட்டில் இருந்த தந்துகிச் செல்களுக்குள் குமிழ்கள் தோன்றி இணைவதைக் கண்டார்கள். 2006-இல் உயிருள்ள மீன் கருவிலும் அப்படியே நடப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. இரண்டே ஆண்டுகளில் வேறொரு குழு அதே குழாய்களைப் பார்த்துவிட்டு, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன, வெற்றிடம் அவற்றுக்கு இடையேதான் திறக்கிறது என்றது. தேர்ந்த கண்களே இப்படி முரண்பட்ட இடத்தில், ஒற்றைப் பச்சை நிறத்தை நம்பி முடிவு எழுதுவது என்ன துணிச்சல்!

அந்தத் துணிச்சல் எனக்கு இருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து 'ஒற்றைச்செல் குழல்' என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "செல்களின் சந்திப்புக் கோடு எங்கே?" என்று கேட்டார். செல்லின் விளிம்புகள் ஒட்டும் அந்தக் கோட்டுக்கு நான் சாயமே ஏற்றவில்லை. ஏற்றிப் பார்த்தபோது, பெரும்பாலான குழாய்களில் நீளவாக்கில் இரண்டு கோடுகள் ஓடின. இரண்டு செல்கள் சேர்ந்த குழல்! எட்டு மாத எண்ணிக்கை குப்பைக்குப் போனது.

காரணம் எளியது. பச்சைப் புரதம் செல்லின் சாறு எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். கன்ஃபோகல் நுண்ணோக்கி பக்கவாட்டில் சுமார் 0.2 மைக்ரான் வரை பிரித்துக் காட்டினாலும், ஆழவாக்கில் அரை மைக்ரானுக்கு மேல் மழுங்கிவிடும். குழலைச் சுற்றிய செல்விளிம்போ அதைவிட மெல்லியதாக இருக்கலாம். இரண்டு விளிம்புகள் ஒன்றாகவே தெரியும்.

ஆகவே சந்திப்புக் கோட்டில் இருக்கும் புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு கோடுகள் என்றால் இரண்டு செல்கள். ஒரே கோடு என்றால் ஒரு செல் சுருண்டு தன் விளிம்போடு தானே ஒட்டியிருக்கிறது. நடுவில் கோடே இல்லாமல் இரு முனைகளிலும் வளையம் மட்டும் இருந்தால்தான் தையலில்லாத குழல், அதாவது ஒரே செல்லுக்குள் திறந்த துளை. இரத்தத்தில் சாயம் செலுத்தினால் துளை ஓட்டத்தோடு இணைந்திருக்கிறதா என்பது தெரியும், செல் ஒன்றா இரண்டா என்பது தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "கண்ணுக்குத்தான் தெரிகிறதே" என்று இன்னும் பதில் வருகிறது.

வளர்ப்புத் தட்டு வேறு, மீன் வேறு

தட்டில் செல்களை வளர்க்கும் கொலாஜன் கூழில் இரத்தம் ஓடுவதில்லை. அங்கே கண்டதை மீனுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பூச்சியும் மீன் அல்ல

பழ ஈயின் மூச்சுக்குழல் முனைச்செல்லிலும் ஒற்றைச்செல் குழல் உண்டு. ஆனால் அதில் போவது காற்று, இரத்தம் அல்ல.

மயக்க மருந்தை அள்ளி ஊற்றுவது

2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இரத்த அழுத்தமே செல்லின் சவ்வை உள்நோக்கிக் குமிழாகத் தள்ளி உட்குழலை நீட்டுகிறது என்று காட்டியது. வேண்டாத குமிழ்களைச் செல் தன்னைச் சுருக்கிக்கொள்ள உதவும் ஆக்டின்–மயோசின் புரத இழைகளால் இழுத்துக்கொள்கிறது. மீன் அசையாமல் இருக்கட்டும் என்று மருந்தைக் கூட்டினால் இதயம் தளர்கிறது, அழுத்தம் விழுகிறது, புதிதாகத் திறந்த குழல் மூடிக்கொள்கிறது. சோதனைக்காக மரபணு ஒன்றை நீக்கிய மீன் என்றால், உடனே 'மரபணுவை நீக்கியதால் குழல் உருவாகவில்லை' என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். அந்தப் புதியவரின் அடுத்த படத்திலும் இதுதான் நடந்தது. மரபணு நீக்காத மீனிலும் குழல் மூடியிருந்தது. அவர் அதைப் படம் பிடித்திருந்தார், ஆனால் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கவில்லை.